ருசி பார்க்கச் சொல்லாத லேகியம்

எங்கள் ஊரில் யூனிஸ் மதினிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவள் தலை தெருமுனையில் தெரிந்ததும், "ஏலே, 'என்ன கெடக்கு' வருது" என்பார்கள். ஆஸ்பத்திரிப் பொடி கொண்டுவருகிறவரானாலும் சரி, சந்தையில் இருமலுக்குத் திப்பிலி உருண்டை விற்கிறவனானாலும் சரி, மதினி அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்து, "இதுல என்ன கெடக்கு?" என்று கேட்பாள். பதில் முழுதாக வருகிறவரை வழிவிட மாட்டாள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கலியாணமாகி வந்த புதிதில் அவள் அப்படி இல்லை. யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறவளாகத்தான் வந்தாள்.

வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். என் அண்ணன் நேசையாவுக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நாங்குநேரி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கோயிலும் பள்ளிக்கூடமும் அடுத்தடுத்து இருக்கும். எங்கள் வீடு கோயில் மணிக்கூண்டுக்கு நேர் பின்னால். வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, நான். அப்பா முன்பே இறந்துபோனார். அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று என்னை நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதனால் அடுப்படியில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

அண்ணன் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கலியாணமான கொஞ்ச நாளில் அவரை மணிமுத்தாற்றுப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தண்ணீர் யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. தனியாகப் போனவர் மலைக்காய்ச்சலோடு வண்டியில் படுத்துக்கொண்டு திரும்பினார். கொயினா கொடுத்துக் காய்ச்சலை நிறுத்தினார்கள். காய்ச்சல் போனதும் கிராணிக் கழிச்சல் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தூக்கம் போயிற்று. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டார். பரிதாபப்பட்டு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றிக் கொடுத்தார்கள்.

அம்மா திருநெல்வேலி டவுனுக்குப் போய், காசிலிங்கம் என்ற வைத்தியரிடம் ஒரு டப்பா லேகியம் வாங்கி வந்தாள். கறுப்பாக, நெய் மினுமினுக்க, சாதிக்காயும் ஏலமும் மணக்க இருந்தது. சுண்டைக்காய் அளவு, காலையில் ஒன்று, மாலை ஜெபம் முடிந்து ஒன்று.

"எல்லாம் மலை மூலிகைதானாம்" என்றாள் அம்மா.

அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மதினியும் கேட்கவில்லை. இரண்டு வேளையும் அவளே உருட்டி, வெற்றிலையில் வைத்து, பாலோடு நீட்டுவாள்.

லேகியத்துக்கு வியாதி கேட்டது. சில நாளிலேயே கிராணி நின்றது. படுத்ததும் தூங்கினார். பசி வந்தது. எப்படிப்பட்ட பசி என்றால், மாலையில் லேகியம் தின்ற பிறகு பொரியும் கருப்பட்டியும் பழையதும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். அம்மா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். சுண்டைக்காய் நெல்லிக்காயாக வளர்ந்ததை நாங்கள் நல்ல குணம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

மணியாச்சியில் கலெக்டர் துரையைச் சுட்ட வருஷம் அது. ஊர் ஊராகப் போலீசார் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வேட்டி கட்டிய போலீஸ், பைராகிச் சாமியார் வேஷத்தில் போலீஸ் என்றெல்லாம் பேச்சு. தெரியாத ஆள் தண்ணீர் கேட்டால்கூடக் கதவைச் சாத்தினார்கள். அதனால் அண்ணன், "சந்தையில ஒருத்தன் என்னையே பாத்துக்கிட்டு நிக்கான்" என்று சொன்னபோது எங்களுக்கு அது வியாதியாகத் தெரியவில்லை. எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள்.

பிறகு ஒரு நாள் மாலை ஜெபத்தின் நடுவில் அண்ணன் சிரித்தார். சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண் இரண்டும் செவேல் என்று இருந்தது. நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். மதினி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மணி. கோயில் மணி அடிக்கும்போது, "கேட்டியா சாரா, என் பேரைச் சொல்லி அடிக்கான்" என்றார் என்னிடம். நான் காதுகொடுத்துக் கேட்டேன். எனக்கு மணிதான் கேட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிலேட்டில் எழுதும் சத்தம் தன்னைப் பற்றிப் பேசும் சத்தம் என்றார். கடைசியில் அது வீட்டுக்குள் வந்தது.

"சோத்துல என்னமோ போடுதா" என்று அம்மாவிடம் சொன்னார். மதினி அடுப்பு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து தொடங்கியது ருசி பார்க்கும் வழக்கம். இலை போட்டதும் அண்ணன் கையை மடியில் வைத்துக்கொள்வார். மதினி முதலில் சோற்றில் ஒரு பிடி தின்ன வேண்டும். பிறகு குழம்பு, பிறகு துவையல், பிறகு மோர். ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீரும் அப்படித்தான். அவள் விழுங்கி, கொஞ்ச நேரம் கழிந்து, ஒன்றும் ஆகவில்லை என்று கண்டால்தான் சாப்பிடுவார். அதற்குள் சோறு ஆறிப்போகும்.

"ஆறின சோறு வயித்துக்கு ஆகாதுங்க" என்றாள் மதினி ஒரு நாள்.

"சூடா இருந்தா ருசி தெரியாதுன்னு பாக்கியோ?" என்றார்.

உலைமூடியில் நூல் கட்டி முடிச்சுப் போட்டு வைத்தார். தண்ணீர்ப் பானையைச் சுற்றி அரிசிமாவைத் தூவிவிட்டு, காலையில் குனிந்து கால்தடம் தேடினார். ஒரு காலையில் கோழியின் தடம் இருந்தது. "கோழிய அனுப்பியிருக்கா" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

லேகிய டப்பாவை மட்டும் அவர் ருசி பார்க்கச் சொல்லவில்லை. அது அம்மா வாங்கிவந்தது, தன்னைப் பிழைக்கவைத்தது. மதினியின் கைபடக்கூடாது என்று அதை வாங்கித் தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். தானே எடுத்து, தானே உருட்டி, தானே தின்றார். வீட்டில் எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது, அந்த டப்பாவைத் தவிர.

பள்ளிக்கூடத்திலிருந்து புகார் போயிற்று. சபை மூப்பர் அப்பாத்துரை விசாரிக்க வந்தார். மதுவிலக்குச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவருக்குத் தெரிந்த வியாதி ஒன்றுதான், குடி. வந்தவர் அண்ணனுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். அண்ணன் நகர்ந்தார். மூப்பரும் நகர்ந்தார்.

"வாத்தியாரே, ஒரு சின்ன ஜெபம் பண்ணும் வே, கேப்போம்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஜெபத்துக்குக் காரணம் வேணுமாக்கும். வாயை நல்லாத் தொறந்து பண்ணும்."

அண்ணன் ஜெபம் செய்தார். மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தார். ஆமென் சொன்ன பிறகு எழுந்து, அடுப்படிப் பக்கமாக வந்து அம்மாவிடம், "கள்ளு இல்ல, சாராயமும் இல்ல. ஏலக்கா வாசந்தான் வருது" என்றார். அவர் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது.

"அவன் குடிக்கவே மாட்டான் அண்ணாச்சி" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இது வேற. இது மருந்து வச்ச வேலை."

மருந்து வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் எதையாவது கலந்து கொடுப்பது. கிறிஸ்து வேதத்துக்கு வந்து தலைமுறைகள் ஆகியும் அந்தப் பயம் மட்டும் யாரையும் விடவில்லை.

"தெக்கத்தி ஆளுக அண்ணாச்சி. அவளுக்கு அண்ணன்மாரும் இவன் வாத்தியார் வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கானுவ. நான் வேற என்ன சொல்ல?"

மதினி இருந்த இடத்திலிருந்து இதெல்லாம் கேட்கும். அவள் அம்மியில் அரைத்துக்கொண்டே இருந்தாள். அரைக்க ஒன்றுமே மிச்சம் இல்லாமல் போன பிறகும் அரைத்தாள்.

அம்மா ஏன் அவ்வளவு அவசரப்பட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எனக்கு நாங்குநேரியில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடிகிறவரை வீட்டில் எந்தக் குறையும் வெளியே தெரியக்கூடாது என்றுதான் நினைத்தேன். யாராவது, "உங்க குடும்பத்துல இந்த மாதிரி முன்ன யாருக்காவது உண்டா?" என்று கேட்டால் அம்மாவின் முகம் இறுகிவிடும். "எங்க குடும்பத்துல என்ன? ஒண்ணும் கெடையாது" என்பாள். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். கொழும்புக்குப் போய்க் காலராவில் இறந்துபோனார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர் பேச்சை எடுத்தால் அம்மாவுக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும்.

மருந்து எடுக்கிற தங்கத்தாய் என்று ஒருத்தி நாங்குநேரி ரோட்டில் இருந்தாள். ஒருவர் வயிற்றில் வைத்த மருந்தை வாந்தியாக வெளியே எடுத்துக் காட்டுவாள். சபைக்குத் தெரியாமல் அம்மா அவளை ஒரு விடிகாலையில் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அண்ணன் மறுப்பார் என்று நினைத்தோம். அவர் சந்தோஷமாக உட்கார்ந்தார். எழுந்தவுடன் தின்னும் லேகியத்தை அன்றும் தின்றிருந்தார்.

தங்கத்தாய் எண்ணெயில் ஏதோ பச்சிலைச் சாறு கலந்து குடிக்கக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். பித்தளைச் சட்டியில் மஞ்சள் தண்ணீரின் நடுவே கறுப்பாக ஒரு கட்டி கிடந்தது.

"பாத்துக்கிடும்மா" என்றாள் தங்கத்தாய். "இதுதான் வச்சது. வயித்துல ஒட்டிக் கெடந்துருக்கு. இன்னும் வேர் உள்ள இருக்கு."

அண்ணன் சட்டியைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். "நான் சொன்னேன்லா" என்றார். பல மாதங்களில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் சொன்னதை ஒருத்தரும் நம்பலை, இப்போது கண்ணால் பாருங்கள் என்கிற நிம்மதி. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

அம்மா மதினியிடம் சட்டியைத் தள்ளினாள். "வச்சவ கையாலேயே கழுவு. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் மூப்பர் முன்னால பேசி, ஒன்ன வள்ளியூருக்கு அனுப்பிருவோம்."

அனுப்பினால் திரும்பி வர முடியாது. மருந்து வைத்தவள் என்ற பேரோடு போகிறவளைப் பிறந்த வீட்டிலும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அவளுக்குத் தங்கைகள் இருந்தார்கள். அவள் கையால் சமைத்ததை யாரும் தின்னமாட்டார்கள். மதினி சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அம்மா அவள் துணிமணிகளை அவள் கொண்டுவந்த மரப்பெட்டியில் வைத்து மூடி, வாசல் நிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

கிணற்றடியில் மதினி வெகு நேரம் இருந்தாள். நான் போனபோது சட்டி கழுவாமல் இருந்தது. அந்தக் கட்டியை ஒரு குச்சியால் தள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரா, இங்கன வா. இது என்ன வாசம் அடிக்கு?"

 குனிந்து முகர்ந்தேன். சாதிக்காய், ஏலம், நெய்.

"லேகியம்" என்றேன்.

"ஆமா" என்றாள். 

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்தது. வழக்கம்போல அவள் எல்லாவற்றையும் ருசி பார்த்த பிறகே அண்ணன் சாப்பிட்டார். இப்போதெல்லாம் மத்தியானத்திலும் ஒரு உருண்டை தின்னுவார். பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தபோது மதினி போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் என்னை ருசி பாக்கச் சொல்லுதீங்க. இதை மட்டும் ஏன் சொல்லல?"

அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். "இது ஏன் ஒனக்கு?"

"நாளைக்கு என்னை அனுப்பப் போறீங்க. போறதுக்கு முன்ன இதையும் பாத்துட்டுப் போறேன்."

அவர் அவளையே பார்த்தார். அவள் எதற்குக் கேட்கிறாள் என்று அவர் மனசுக்குள் என்னென்ன ஓடியதோ. டப்பாவை முகர்ந்தார், மூடியைத் திருப்பிப் பார்த்தார். "இதுலயும் கையை வச்சிட்டியோ? அப்ப நீயே தின்னு. நான் திங்கிற அளவு தின்னு" என்றார். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை உருட்டி நீட்டினார். மதினி வாயில் போட்டு விழுங்கித் தண்ணீர் குடித்தாள். அண்ணன் தன் உருண்டையைத் தின்னாமல் இலையிலேயே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. மதினி முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிவிட்டாள். பாத்திரம் விளக்கினாள். வெயில் சுவரில் பாதி ஏறியபோது, "சாரா, நாக்கு மரக்கட்டையா இருக்கு" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். மறுபடி கேட்டாள். கோழி ஒன்று வற்றல்மேல் நடந்துபோனது. அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஒன் பின்னால யாரு?"

"யாரும் இல்ல மதினி."

"அத்தை அனுப்பினாளா ஒன்ன?" என்றாள். என்னை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்த நேரம் பார்த்துக் கோயில்மணி அடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏன் நிறுத்த மாட்டேங்கான்? காலையிலேருந்து அடிக்கான்." மணி அப்போதுதான் தொடங்கியிருந்தது.

பிறகு அண்ணனைப் பார்த்தாள். எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் சுவரோடு சாய்ந்தாள்.

"நீங்க என்னமோ போட்டுட்டீங்க" என்றாள். "எனக்குத் தெரியும். நீங்களும் அத்தையும் சேந்து இதுல என்னமோ போட்டுட்டீங்க."

 அது அண்ணன் தினமும் சொல்கிற பேச்சு. அதே வார்த்தை, அதே தணிந்த குரல், ஓரக்கண்ணால் பார்க்கும் அதே பார்வை.

"நான் ஒண்ணும் போடலையே" என்றார்.

"போட்டீங்க."

"ஏளா, நான் ஒண்ணும் போடல. டப்பாவுல இருந்து எடுத்துக் குடுத்தேன், அம்புட்டுத்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் மதினி.

அண்ணன் இலையில் இருந்த தன் உருண்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இலையைத் தூரத் தள்ளினார்.

நாளைய விசாரணையைப் பற்றிப் பேச அந்தச் சமயத்தில்தான் மூப்பர் வந்து சேர்ந்தார். மூலையில் செங்கண்ணோடு உட்கார்ந்திருந்த மதினியைக் கண்டதும் அவர் மூக்கு தானாக நீண்டது.

"அம்மாடி, ஒரு ஜெபம் சொல்லு."

"அண்ணாச்சி, அது குடியில்ல" என்றார் அண்ணன். "நான் திங்கிற லேகியத்தைத் தின்னுருக்கா. ஒரே ஒரு வேளை. ஒரு வேளைக்கே இப்படி."  மூப்பர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை முகர்ந்து பார்க்கவில்லை.

இரவெல்லாம் நான் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் வெளுத்துப்போய், ஆனால் தெளிவாக எழுந்தாள். "மாசக்கணக்கா அவங்க இதுக்குள்ளயா இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை நடக்கவில்லை. திங்கட்கிழமை மூப்பர் வண்டி கட்டிக்கொண்டு போய்க் காசிலிங்கம் வைத்தியரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார். வைத்தியர் நல்ல கனத்த ஆள். டப்பாவைப் பார்த்ததும் தன் பிள்ளையைப் பார்த்ததுபோல எடுத்துத் தடவினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து மதினிதான் கேட்டாள். "இதுல என்ன கெடக்கு?"

வைத்தியர் குரல் வந்த பக்கம் பார்த்தார். "சுக்கு கெடக்கு, சாதிக்கா, ஏலம், கசகசா, கருப்பட்டி, நெய்."

"வேற?"

"கொஞ்சம் கஞ்சா. பால்ல வேகவச்சு, நெய்யில வறுத்துச் சுத்தி பண்ணினது."

மூப்பர் துள்ளி எழுந்தார். "வே, வேதக்காரங்க வீட்டுக்கா கஞ்சா குடுத்தீரு?"

"கிராணி நின்னுதா, நிக்கலையா? தூங்கினாரா, தூங்கலையா? கேட்டா சொல்லியிருப்பேன். யாரு கேட்டா? நெல்லிக்கா அளவு நான் சொல்லவும் இல்ல, இத்தனை மாசம் திங்கச் சொல்லவும் இல்ல. டப்பா தீரத் தீர ஆளனுப்பி வாங்கினா நான் என்ன செய்ய?" என்றார் வைத்தியர். பிறகு மூப்பரைப் பார்த்து, "உமக்குத் தெரியாததா அண்ணாச்சி? மூலத்துக்குன்னு வருஷா வருஷம் நீரும் இதைத்தானே வாங்குதீரு" என்றார்.

மூப்பர் ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு பைய உட்கார்ந்தார்.

எங்கள் சபையில் கள், சாராயம், கஞ்சா மூன்றையும் தொடமாட்டோம் என்று எல்லா வீட்டு ஆண்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கள் என்றால் கலயம், சாராயம் என்றால் புட்டி, கஞ்சா என்றால் சத்திரத்து வாசலில் பைராகி கையில் புகைகிற சிலும்பி. நெய்யும் கருப்பட்டியும் சேர்ந்து டப்பாவில் வந்தால் அது மருந்து. அதை முகர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார் மூப்பர் கடைசியில், மெல்லிய குரலில். "நல்லா தூக்கம் வரும், அம்புட்டுத்தான்."

"உமக்குச் செய்யாது. சில ஆளுக்குச் செய்யும்" என்றார் வைத்தியர். "அதுக்குத்தானே முதல்லயே கேட்டேன், குடும்பத்துல யாருக்காவது சித்தம் கலங்கினது உண்டான்னு. அப்படி ரத்தம்னா நாங்க கிட்டயே கொண்டுபோக மாட்டோம். இந்த அம்மாதான், ஒருத்தரும் கெடையாதுன்னு சொன்னாங்க."

 மூப்பர் அம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் எங்கள் அப்பாவோடு படித்தவர்.

"கொழும்புக்குப் போனாருன்னு சொன்னீங்களே ஒங்க கொழுந்தன்" என்றார். "அவரை மாட்டுக்கொட்டில்ல கட்டிப் போட்டுருந்ததை நான் கண்ணால பாத்திருக்கேன்."

அம்மா என்னைத்தான் பார்த்தாள். நாங்குநேரி இடம் அவள் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. "அவனுக்கும் எவளோ மருந்து வச்சித்தான்" என்று தொடங்கினாள். முடிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதினி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். வைத்தியருக்கும் மூப்பருக்கும் நடுவே நடந்து, வாசல் நிலைக்குப் பக்கத்தில் இருந்த தன் மரப்பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி உள்ளே வந்தாள். அண்ணன் எழுந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். லேகியத்தை நிறுத்தியதும் அண்ணன் தூக்கம் அடியோடு போயிற்று. உடம்பு வேர்த்துக் கொட்டியது. சோற்றைக் கண்டால் வெறுத்தார். ஒன்றுமில்லாததற்கு இலையை வீசி எறிந்தார். கண்ணை மூடினால் கெட்ட கனவு. டப்பாவைக் கொடு, ஒரே ஒரு சுண்டைக்காய் அளவு போதும் என்று மதினியிடம் கெஞ்சினார். பிறகு ஏசினார். அவள் டப்பாவை உரக்குழியில் கொட்டி மண் போட்டு மூடியிருந்தாள். கிராணி கொஞ்சம் திரும்ப வந்தது. மாதுளை ஓட்டுக் கஷாயமும் மோருமாகக் கொடுத்துச் சமாளித்தாள்.

தூக்கமும் பசியும் சில வாரத்தில் வந்தன. சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. கஞ்சாதான் காரணம் என்று தெரிந்த பிறகும், சாப்பிட உட்கார்ந்தால் அவர் கை தானாக மடிக்குப் போகும். மதினி கேட்காமலே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அடுத்த அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கோயில்மணி அடித்து ஓய்ந்த பிறகு, "இப்பல்லாம் வெறும் மணிதான் கேக்கு" என்றார். மதினி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

எனக்கு நாங்குநேரி இடம் நின்றுபோயிற்று. பிறகு வேறு இடத்தில் நடந்தது. அம்மா சாகிறவரை அந்தக் கறுப்புக் கட்டி இடுமருந்துதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை நம்புகிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மதினியின் வீட்டில் கை நனைக்காதவர்கள் அவர்கள். மதினிக்கு அது தெரியும். யார் நனைக்கவில்லை என்று பார்த்துவைத்துக்கொள்வாள். அவளும் ஒருவரையும் முழுதாக நம்புவதில்லை, என்னையும்கூட. நான் கொண்டுபோகிற பலகாரத்தையும் பிட்டு முகர்ந்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

ஜெர்மன் சண்டை முடிகிற வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. ஊரில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். அண்ணனும் படுத்தார். நான் பார்க்கப் போயிருந்தேன். காய்ச்சல் ஏறியதும் பழைய பார்வை அவர் கண்ணில் திரும்ப வந்திருந்தது. நான் கொடுத்த கஞ்சியைத் தள்ளிவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மிஷனிலிருந்து அனுப்பிய ஒரு ஆள் வீடு வீடாக மருந்துப் புட்டியோடு வந்தார். மதினி வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டாள்.

"இதுல என்ன கெடக்கு?"

"மருந்துதாம்மா. இன்னும் பத்து வீட்டுக்குப் போகணும்."

"போங்க. என்ன கெடக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

அந்த ஆள் எரிச்சலோடு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டாள். தூங்கவைக்கிற சரக்கு உண்டா என்று கேட்டாள். எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்தவேண்டும் என்று கேட்டாள். தெருவில் இரண்டு பெண்கள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, மருந்து புகட்டும் பாலாடையில் ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். பாலாடையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டியா?" என்றார்.

"எல்லாம் கேட்டுட்டேன்."

அவர் வாயைத் திறந்தார்.